நாலு கடையும் ஒரு கடைவாய்ப் பல்லும்

வட சென்னையில் ஓடுகிற நகரப் பேருந்தில் நான் கண்டக்டர். எட்டு வருஷ சர்வீஸ். எங்கள் வேலையில் கையைவிட வாய்க்குத்தான் உழைப்பு அதிகம். ஒரு விசில் அடித்தால் வண்டி நிற்கும், ரெண்டு அடித்தால் கிளம்பும். நடுவில் "உள்ள போ, உள்ள போ, படியில நிக்காத, முன்னாடி எடமிருக்கு பாரு" என்று ஒரு நடைக்கு இருபது தடவையாவது கத்த வேண்டும். அதனால் தொண்டைக்கு என்று சொல்லி எதை விற்றாலும் வாங்கிப் பார்த்துவிடுகிற ரகம் நாங்கள். எங்கள் டிப்போவில் யார் பையைத் திறந்தாலும் சில்லறைக்குப் பக்கத்தில் நாலு மிட்டாய் மாத்திரை இருக்கும்.

எனக்கு வந்த ஒரு வலிக்காகப் பதினோரு நாளில் ஏறி இறங்கிய கடைகள், வாங்கிப் போட்டவை, கடைசியில் போய்ச் சேர்ந்த ஆஸ்பத்திரி எல்லாவற்றையும் பற்றி எழுதுகிறேன். படிக்கிற யாருக்காவது ஒரு 600 ரூபாயும் ஒரு வாரத் தூக்கமும் மிச்சமாகும்.

செவ்வாய்க்கிழமை காலை ஷிப்ட். நாலரைக்கு எழுந்து எச்சில் விழுங்கினேன், வலது பக்கம் சுருக்கென்றது. முள் மாட்டின மாதிரி. முந்தின நாள் ராத்திரி மீன் சாப்பிட்டதால் முள்ளாகத்தான் இருக்கும் என்று ஒரு உருண்டை வெறுஞ்சோறு விழுங்கிப் பார்த்தேன். போகவில்லை. மத்தியானத்துக்குள் காதுக்குக் கீழேயும் லேசாக இழுத்தது. எங்கள் டிரைவர் அண்ணா கண்ணாடியில் பார்த்து, "இன்னாடா, விசில் சத்தமே கம்மியா வருது? நேத்து எங்கயாவது ஐஸ் தண்ணி குடிச்சியா?" என்றார். குடித்திருந்தேன். அதோடு விசாரணை முடிந்தது. தொண்டை வலி என்று நானே தீர்ப்பு எழுதிவிட்டேன்.

முதலில் போனது டிப்போவுக்குப் பக்கத்தில் இருக்கிற ஒரு மெடிக்கல் ஷாப். பெயர் வேண்டாம், அந்த மாதிரிக் கடை எல்லாத் தெருவிலும் இருக்கிறது. "தொண்டை வலி" என்று ரெண்டு வார்த்தைதான் சொன்னேன். பின்னால் திரும்பி, பார்க்காமலே கையை நீட்டி மூணு மாத்திரை உள்ள ஒரு அட்டையை எடுத்தார்: அசித்ரோமைசின் 500. அதோடு பாராசிட்டமால், மூக்கு ஒழுகலுக்குப் போடுகிற ஒரு குட்டி மாத்திரை. எல்லாம் சின்னக் காகிதக் கவரில். காய்ச்சல் இருக்கிறதா, இருமல் இருக்கிறதா, எந்தப் பக்கம் வலி, சர்க்கரை இருக்கிறதா, எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாதா, ஒரு கேள்வி கிடையாது. 40 விநாடியில் வியாபாரம் முடிந்தது. வேகத்துக்கு மார்க் போடுவதாக இருந்தால் அஞ்சுக்கு அஞ்சு.

அந்த அட்டையின் பின்பக்கம் ஒரு சிவப்புக் கோடு கீழ்முகமாக ஓடும், பார்த்திருப்பீர்கள். டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கவும் கூடாது, வாங்கவும் கூடாது என்பதற்கான அடையாளம் அது. எனக்கு அது டிசைனாகத்தான் தெரிந்தது. மூணு நாள் ஒழுங்காகப் போட்டேன். வயிறு கலங்கியதுதான் மிச்சம். பெரும்பாலான தொண்டை வலி வைரஸால் வருகிறது, அதற்கு ஆன்டிபயாட்டிக் ஒன்றும் செய்யாது, எதுவும் போடாவிட்டாலும் ஒரு வாரத்தில் தானாக இறங்கிவிடும் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். என் வலி வைரஸும் இல்லை என்பது வேறு கதை.

ரெண்டாவது, மிட்டாய் மாத்திரைகள். இதில் எனக்கு அனுபவம் அதிகம் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்லலாம். பெட்டிக்கடையில் சரமாகத் தொங்குகிற ஒரு ரூபாய், ரெண்டு ரூபாய் வகை வெறும் மென்தால், சர்க்கரை. வாயில் போட்டதும் குளுகுளு என்று இருக்கும், நெஞ்சு திறந்த மாதிரி தோன்றும், அடுத்த ரெண்டு ஸ்டாப்பில் அடங்கிவிடும். மெடிக்கலில் அட்டையாகக் கிடைக்கிற ஸ்ட்ரெப்சில்ஸ் கொஞ்சம் மேல். அதில் டைகுளோரோபென்சைல் ஆல்கஹால் 1.2 மில்லிகிராம், அமைல்மெட்டாகிரசால் 0.6 மில்லிகிராம் என்று ரெண்டு கிருமிநாசினி இருக்கிறது. அவை தொண்டையை லேசாக மரக்கவும் செய்யும். உண்மையாகவே அரை மணி நேரம் சுகம் கிடைக்கும். எச்சில் சுரந்துகொண்டே இருப்பதால் வறட்சி போகும், கத்துகிறவனுக்கு அதுவே பெரிய விஷயம்.

ஆனால் கண்டக்டருக்கு அதில் ஒரு தொழில் சிக்கல். வாயில் மாத்திரையை வைத்துக்கொண்டு விசில் அடிக்க முடியாது. கன்னத்தில் ஒதுக்கினால் பல்லில் தட்டி டக்டக் என்று சத்தம் வரும். நாக்குக்கு அடியில் வைத்தால் விசிலுக்குள் எச்சில் இறங்கி, கொதிக்கிற கெட்டில் மாதிரி ஒரு சத்தம். மூலக்கொத்தளம் தாண்டி ஒரு தடவை வேகமாக ஊதினேன். மாத்திரை வெளியே பறந்து ஒரு ஆயாவின் கூடையில் கீரைக்கு நடுவே விழுந்தது. அந்த அம்மா எடுத்துப் பார்த்துவிட்டு, "இன்னா கண்ணு, டிக்கெட்டுக்கு பதிலா மிட்டாய் குடுக்கறியா?" என்றது. மொத்த வண்டியும் சிரித்தது, எனக்குச் சிரிக்கக்கூட வாய் சரியாகத் திறக்கவில்லை. அப்போதாவது யோசித்திருக்கலாம். தொண்டை வலிக்கு வாய் ஏன் திறக்காமல் போகிறது?

ஒரு நாளைக்கு எட்டு, பத்து என்று சப்பினேன். சர்க்கரையைப் பொழுதன்னைக்கும் பல்லோரத்தில் ஊற வைத்துக்கொண்டிருந்தேன் என்பது இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. இன்னொன்று, வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் இந்த அட்டையைக் கைக்கெட்டாத இடத்தில் வையுங்கள். வழுக்கிக்கொண்டு மூச்சுக்குழாயில் போய்விடும்.

மூணாவது, வாய் கொப்பளிக்கிற மருந்து. பெட்டாடின் கார்கிள், 2 சதவீத போவிடோன் அயோடின். பாட்டிலில் சமபங்கு தண்ணீர் கலக்கச் சொல்லி எழுதியிருக்கும். பாதிப் பேர் அதைப் படிப்பதில்லை, அப்படியே ஊற்றிவிட்டு "எரியுது" என்பார்கள். தலையை அண்ணாந்து, அரை நிமிஷம் "ஆ" என்று சத்தம் வரவழைத்தால்தான் தொண்டைக்குப் போகும். சும்மா கன்னத்தில் குலுக்கித் துப்புவது கன்னத்துக்கு நல்லது, தொண்டைக்கு இல்லை. வாஷ்பேசினில் விழுந்தால் வெற்றிலை எச்சில் மாதிரிக் கறை. காக்கிச் சட்டையில் ரெண்டு சொட்டு பட்டதைப் பார்த்துவிட்டு டைம் கீப்பர், "காலையிலேயே பாக்கு போட ஆரம்பிச்சிட்டியா?" என்று கேட்டார். அயோடின் என்பதால் தைராய்டு தொந்தரவு இருக்கிறவர்கள், கர்ப்பிணிகள், பால் கொடுக்கிறவர்கள் டாக்டரிடம் கேட்காமல் தொடக் கூடாது. என் அம்மாவுக்கு தைராய்டு. "எனக்கும் ஒரு மூடி ஊத்துடா" என்று கேட்டார், நல்லவேளை பாட்டிலில் எழுதியிருந்ததைப் படித்திருந்தேன்.

இதற்கெல்லாம் முன்னால் நிற்பது உப்புத் தண்ணீர்தான். ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீருக்கு அரை ஸ்பூன் உப்பு. காசும் இல்லை, கறையும் இல்லை. பிளாஸ்க்கில் வெந்நீர் எடுத்துப் போய் ஒவ்வொரு நடை முடிவிலும் கொப்பளித்தேன். அந்தப் பதினோரு நாளில் எது கொஞ்சமாவது நிம்மதி கொடுத்தது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். ஏன் கொடுத்தது என்பது அப்போது புரியவில்லை. அது தொண்டைக்குப் போய் வேலை செய்யவில்லை, போகிற வழியில் வேறொரு இடத்தைக் கழுவிக்கொண்டிருந்தது.

ஏழாவது நாள் எனக்கு வார ஓய்வு. அம்மா ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார்: சித்தரத்தை, அதிமதுரம், கண்டந்திப்பிலி, வால்மிளகு, சுக்கு. "மெடிக்கல்ல குடுத்து ஏமாந்தது போதும், ராசப்ப செட்டித் தெருவுக்குப் போ." பார்க் டவுனில் கந்தகோட்டம் இருக்கிற அதே தெரு. சென்னையில் நாட்டு மருந்து வாங்குகிறவர்களுக்கு அந்தத் தெருவைச் சொல்லவே வேண்டாம், மூக்கே கூட்டிக்கொண்டு போகும். ஒரு கடை வாசலில் வெட்டிவேர் மணம், அடுத்ததில் பெருங்காயம், அதற்கடுத்ததில் ஏதோ பழைய பரண் வாசனை. சாக்குகள் வாயைப் பிளந்துகொண்டு வரிசையாக நிற்கும். ஓமப் பூ எது, அதிவிடயம் எது என்று தெரியாதவர்களுக்கு எல்லாம் சுள்ளியும் சருகும்தான்.

நான் போனது உள்ளடங்கின ஒரு சின்னக் கடை. கல்லாவில் ஒரு பெரியவர், மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்திருந்தார். சீட்டைக் கொடுத்தேன். வாங்கியவர் எடை போடவில்லை.

"யாருக்கு?"

"எனக்குத்தான் ஐயா. தொண்டை வலி."

"எத்தனை நாளா?"

"ஏழு நாள்."

"சளி இருக்கா? இருமல்? காய்ச்சல்?"

"ஒண்ணும் இல்ல. எச்சில் முழுங்குனா வலிக்குது. அவ்ளோதான்."

"ரெண்டு பக்கமுமா, ஒரு பக்கமா?"

"வலது பக்கம் மட்டும்."

அவர் கண்ணாடியை மூக்குக்கு இறக்கினார். "காதுல இழுக்குதா?" இழுக்கிறது என்றேன். "வாயத் தொற தம்பி." திறந்தேன், முழுசாக வரவில்லை. டார்ச் எல்லாம் இல்லை, வாசல் வெளிச்சத்துக்கு என் தாடையைத் திருப்பிப் பார்த்தார். "இது தொண்டை இல்லப்பா. ஈறு. கடைசிப் பல்லு முட்டிக்கிட்டு நிக்குது. இதுக்கு இங்க மருந்து இல்ல, பல் டாக்டர்கிட்ட போ."

மெடிக்கல் ஷாப்பில் கேட்காத கேள்வியையெல்லாம், மருந்து விற்காமலே ஒருத்தர் கேட்டார். அந்தக் கடைக்கு அஞ்சுக்கு அஞ்சு போடாமல் வேறு யாருக்குப் போடுவது? ஆனால் என் புத்தியைப் பாருங்கள். அம்மா சீட்டு கொடுத்திருக்கிறார், வெறுங்கையோடு போனால் திட்டு விழும் என்று, "பரவால்ல ஐயா, இதையும் குடுத்துடுங்க" என்றேன். சிரித்துக்கொண்டே கட்டிக் கொடுத்தார். எல்லாமாக 140 ரூபாய்.

சரக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். சித்தரத்தை விரல் கணு மாதிரி, செம்பழுப்பு நிறம், உடைத்தால் நார் நாராகப் பிரிந்தது. இஞ்சி மணம்தான், கூடவே கற்பூரம் மாதிரி ஒரு ஏற்றம். பூஞ்சை, தூசி எதுவும் இல்லை. அதிமதுரம் வெளியே சுருங்கின தோல், உள்ளே நல்ல மஞ்சள். ஒரு குச்சியைக் கடைவாயில் ஒதுக்கிக்கொண்டால் தொண்டை வழியே இனிப்பு மெதுவாக இறங்கும். கத்திக் கத்திக் கரகரத்துப் போன தொண்டைக்கு அது தனிச் சுகம். விசில் சிக்கலும் இல்லை, குச்சியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளலாம். அம்மா எல்லாவற்றையும் இடித்து, ரெண்டு டம்ளர் தண்ணீரை ஒரு டம்ளராக வற்ற வைத்துக் கஷாயம் போட்டார். மூணு நாள் குடித்தேன். என் துணைக்கு அவரும் குடித்தார். அங்கேதான் ஒரு தப்பு நடந்தது, பின்னால் சொல்கிறேன்.

பெரியவர் சொன்னதை முழுசாகவும் தட்டவில்லை நான். ஈறு என்றாரே, அப்படியானால் கிராம்புத் தைலம் வைப்போம் என்று எட்டாவது நாள் இன்னொரு மெடிக்கலில் ஒரு குட்டி பாட்டில் வாங்கினேன். கிராம்பில் இருக்கிற யூஜினால்தான் மரக்கச் செய்கிறது, பல் டாக்டர்களே அதை வைத்து மருந்து குழைப்பார்கள், அதில் பொய் இல்லை. ஆனால் நான் பஞ்சை அப்படியே தைலத்தில் முக்கி, கடைசிப் பல்லுக்குப் பின்னால் திணித்து, படுத்துவிட்டேன். பத்து நிமிஷம் சொர்க்கம். காலையில் அந்த இடத்தில் ஈறும் கன்னத்தின் உட்பக்கமும் வெந்து, வெள்ளையாகத் தோல் உரிந்திருந்தது. தேங்காய் எண்ணெயோ நல்லெண்ணெயோ சேர்த்து நீர்க்கச் செய்து, குச்சியில் தொட்டு வைக்க வேண்டியது. பாட்டில் மேல் பழியில்லை, என் அவசரம்தான். இதைவிட மோசமான யோசனைகளும் வந்தன. டிரைவர் அண்ணா புகையிலைக் காம்பை அடக்கிக்கொள் என்றார். இன்னொருத்தர் வலி மாத்திரையைப் பொடித்து ஈறிலேயே வை என்றார். ரெண்டையும் செய்யாமல் விட்டதுதான் அந்த வாரம் நான் செய்த ஒரே புத்திசாலித்தனம். ஆஸ்பிரின் மாதிரி மாத்திரை ஈறில் பட்டால் அமிலம் பட்ட மாதிரிப் புண்ணாக்கும்.

பத்தாம் நாள் ராத்திரி இட்லி வாய்க்குள் போகவில்லை. சாதாரணமாக நம் விரல் மூணைச் செங்குத்தாக அடுக்கி வாய்க்குள் விட முடியும். எனக்கு ஒன்றரை விரல்தான் போனது. கன்னம் லேசாகப் புடைத்து, தாடைக்கு அடியில் ஒரு நெறி கட்டியிருந்தது. அம்மா இட்லியை மோரில் கரைத்து டம்ளரில் கொடுத்தார். விழுங்குகிற ஒவ்வொரு வாய்க்கும் காதுக்குள் ஊசி.

மறுநாள் லீவு சொல்லிவிட்டு, கோட்டை ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கிற அரசு பல் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் போனேன். 1953-ல் சென்னை மருத்துவக் கல்லூரியின் பல் பிரிவாகத் தொடங்கிய இடம். நான் வேலை பார்க்கிற தடம் அந்தப் பக்கம்தான் போகிறது. எட்டு வருஷமாக "பல் ஆஸ்பத்திரி எங்க இறங்கணும்?" என்று கன்னத்தைப் பிடித்துக்கொண்டு கேட்டவர்களை எத்தனை பேரை இறக்கிவிட்டிருக்கிறேன்! ஒரு தடவையும் நான் இறங்கினதில்லை. அன்றைக்கு வேறொரு கண்டக்டர் வண்டியில் ஏறி, நானும் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன்.

காலையிலேயே போய்விடுவது நல்லது. சீட்டு வாங்கியதும் முதலில் வாய் நோய்ப் பிரிவில் உட்கார வைத்தார்கள். பயிற்சி டாக்டர், சின்னப் பெண். என்னைவிட ஏழெட்டு வயசு குறைவாக இருக்கும். "அண்ணா, என்னைக்குலேருந்து வலி?" என்று ஆரம்பித்து, அந்த நாட்டு மருந்துக் கடைப் பெரியவர் கேட்ட அத்தனை கேள்வியையும் அதே வரிசையில் கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது, வலித்ததால் அடக்கிக்கொண்டேன். அதுவரை போட்ட மருந்தையெல்லாம் சொல்லச் சொன்னார். அசித்ரோமைசின் என்றதும் நிமிர்ந்து, "யார் எழுதிக் குடுத்தாங்க?" என்றார். நான் சுவரில் மாட்டியிருந்த பல் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முகத்தைச் சுற்றி வருகிற ஒரு எக்ஸ்ரே. தாடையை ஒரு தட்டில் வைத்து, குச்சியைக் கடித்துக்கொண்டு சிலை மாதிரி நிற்க வேண்டும், மெஷின் தலையைச் சுற்றி ஒரு அரை வட்டம் போட்டு முடித்துவிடும். படத்தில் என் முப்பத்திரண்டு பல்லும் தோரணம் மாதிரித் தெரிந்தன. வலது கீழ்வரிசைக் கடைசியில் ஒன்று சாய்ந்து, முன்னால் இருக்கிற பல்லின் முதுகில் முட்டிக்கொண்டிருந்தது. ஞானப்பல்.

பேராசிரியர் ஒருவர் வந்து பார்த்தார். ஒரு கண்ணாடியைக் கொடுத்து, இன்னொரு குட்டிக் கண்ணாடியை வாய்க்குள் விட்டு எனக்கே காட்டினார்கள். பல் பாதிதான் வெளியே வந்திருக்கிறது. மீதிப் பாதியை ஈறு ஒரு மூடி மாதிரி மூடியிருக்கிறது. அந்த மூடிக்கு அடியில் சோறு, கறி நார், கிருமி எல்லாம் போய் உட்கார்ந்துகொள்ளும், பிரஷ் எட்டாது. உள்ளே சீழ் கட்டும், மூடி வீங்கும். வீங்கின மூடியை மேல்பல் ஒவ்வொரு கடிக்கும் நசுக்கும், நசுக்க நசுக்க இன்னும் வீங்கும். இதற்குப் பெயர் பெரிகோரோனைட்டிஸ். பெரும்பாலும் 17-லிருந்து 25 வயசுக்குள் இந்தப் பல் முளைக்கிறபோது வரும். எனக்கு 31. "லேட்டாத்தான் ஞானம் வந்திருக்கு" என்றார் பேராசிரியர். அந்த இடத்துக்கும் தொண்டைக்கும் நடுவில் தூரமே இல்லை, அதனால்தான் விழுங்கினால் வலி, காதில் இழுப்பு, வாய் திறக்காமல் போவது எல்லாம்.

பிறகு அந்தப் பெண், ஊசி மழுங்கின ஒரு சிரிஞ்சில் உப்பு நீரை ஏற்றி, ஈறு மூடிக்கு அடியில் பீய்ச்சினார். முதல் பீய்ச்சலில் என்ன வந்தது என்று எழுத மாட்டேன். சாக்கடை அடைப்பு எடுத்த நாற்றம், அது என் வாயிலிருந்து வருகிறது என்பதுதான் அவமானம். அவர் முகம் சுளிக்கவே இல்லை. நாலு தடவை கழுவினார். நாலாவது தடவை துப்பிவிட்டு எச்சில் விழுங்கினேன், முள் இல்லை. பதினோரு நாள், நாலு கடை, 600 ரூபாய். எல்லாம் ஒரு சிரிஞ்ச் உப்புத் தண்ணீரில் முக்கால்வாசி அடங்கிவிட்டது.

நெறி கட்டி, வாயும் திறக்காத நிலை என்பதால் எனக்கு ஆன்டிபயாட்டிக் எழுதினார்கள், ஆனால் வேறு வகை. அதில் மெட்ரோனிடசோலும் இருந்தது. "இதைப் போடற நாள்லயும், முடிச்சு ரெண்டு மூணு நாளுக்கும் குடிக்கக் கூடாது அண்ணா, வாந்தி புரட்டிடும்" என்று ரெண்டு தடவை சொன்னார், என் காக்கி பேண்ட்டைப் பார்த்து சந்தேகப்பட்டாரோ என்னவோ. குளோர்ஹெக்சிடின் 0.2 சதவீத மவுத்வாஷ், ஒரு தடவைக்கு 10 மில்லி, காலையும் ராத்திரியும். பல் தேய்த்த கையோடு போடக் கூடாது, பேஸ்ட்டில் இருக்கிற நுரைச் சரக்கு அதை முறித்துவிடும், அரை மணி இடைவெளி வேண்டும். இந்த மருந்து நன்றாக வேலை செய்கிறது. ஆனால் டீ குடிக்கிறவன் பல்லில் பழுப்பு படியும், நாலைந்து நாளில் குழம்பில் உப்பு தெரியாது. ரெண்டு வாரத்துக்கு மேல் தானாகத் தொடரக் கூடாது.

கஷாயம் குடித்ததையும் சொன்னேன். கெடுதல் இல்லை, இதமாக இருந்தால் குடியுங்கள் என்றார்கள். "ஆனா அதிமதுரம் மட்டும் பி.பி. இருக்கறவங்க குடிக்கக் கூடாது, பிரஷர் ஏறும், உடம்புல பொட்டாசியம் குறையும்." துணைக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்த அம்மா மெதுவாகத் தலையைத் திருப்பிக்கொண்டார். ஆறு வருஷமாக பி.பி. மாத்திரை போடுகிறவர். மூணு நாள் என்னோடு சேர்ந்து டம்ளர் டம்ளராக இறக்கியிருக்கிறார். அன்றைக்கே பார்த்ததில் பிரஷர் கொஞ்சம் கூடத்தான் இருந்தது.

சரி, உண்மையான தொண்டை வலி என்றால் எப்போது டாக்டரிடம் போக வேண்டும் என்று நானே கேட்டேன், எங்கள் டிப்போவில் கேட்பார்கள் என்று தெரியும். இருமல் இல்லாமல் நல்ல காய்ச்சல், கழுத்தில் நெறி, டான்சிலில் வெள்ளையாகச் சீழ் இருந்தால் போக வேண்டும். முக்கியமாகப் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியாக இருந்து, அதைச் சரியாகப் பார்க்காமல் விட்டால், பிற்பாடு ருமாட்டிக் காய்ச்சல் வந்து இதய வால்வு வரைக்கும் போகலாம். எச்சிலையே விழுங்க முடியாமல் ஒழுகினால், மூச்சு வாங்கினால், வாய்க்குள் சூடான கிழங்கை வைத்துக்கொண்டு பேசுகிற மாதிரிக் குரல் மாறினால், தாடைக்கு அடியில் வீக்கம் கழுத்துக்கு இறங்கினால், அன்றைக்கே அவசரப் பிரிவு. இதில் கடைசியாகச் சொன்ன ரெண்டும் பல் தொந்தரவிலிருந்துகூட வரலாம் என்று சொன்னபோது எனக்குக் கொஞ்சம் வியர்த்தது. எங்களை மாதிரிக் கத்துகிறவர்களுக்கும், ஏ.சி.யில் வாயைத் திறந்து தூங்குகிறவர்களுக்கும், ராத்திரி பதினோரு மணிக்குப் பரோட்டா சாப்பிட்டு உடனே படுத்து நெஞ்செரிச்சலோடு எழுகிறவர்களுக்கும் கிருமியே இல்லாமல் தொண்டை வலிக்குமாம். எங்கள் டிப்போவில் மூணும் சேர்ந்தவர்கள் நிறைய.

ரெண்டு வாரம் கழித்து, வீக்கம் வடிந்த பிறகு, பல்லை எடுத்தார்கள். சீழ் இருக்கிறபோதே எடுக்கச் சொல்லி நான் கெஞ்சியதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. கீழ்த்தாடையில் ஓடுகிற நரம்புக்கு வேர் எவ்வளவு பக்கம் என்று எக்ஸ்ரேயில் அளந்து, உதடு கொஞ்ச நாள் மரத்துப்போக வாய்ப்பிருக்கிறது என்று முன்னாலேயே சொல்லிக் கையெழுத்து வாங்கினார்கள். மரக்கிற ஊசி மட்டும்தான் வலி. அதற்கப்புறம் ரம்பச் சத்தம், தாடையில் யாரோ கதவை நெம்புகிற மாதிரி ஒரு அழுத்தம், நாற்பது நிமிஷம். நாலு தையல்.

பஞ்சை முக்கால் மணி கடித்துக்கொண்டிருக்க வேண்டும், ஒரு நாள் முழுக்கத் துப்பக் கூடாது, கொப்பளிக்கக் கூடாது, ஸ்ட்ரா போட்டு உறிஞ்சக் கூடாது. குழியில் உறைகிற ரத்தம்தான் மருந்து, அது பிடுங்கிக்கொண்டு வந்தால் எலும்பு வெளியே தெரிந்து வலி உயிரை எடுக்கும் என்றார்கள். எல்லாம் கேட்டுவிட்டு நான் ஒரே ஒரு சந்தேகம் கேட்டேன்.

"டாக்டர், விசில் அடிக்கலாமா?"

அந்தப் பெண் பேராசிரியரைப் பார்த்தார், பேராசிரியர் என்னைப் பார்த்தார். அவர்கள் கொடுக்கிற அறிவுரைச் சீட்டில் விசில் இல்லை. "ஒரு வாரத்துக்கு வேணாம்" என்றார் பேராசிரியர், சிரிப்பை அடக்கிக்கொண்டு. மெடிக்கல் சர்ட்டிபிகேட் கொடுத்தார்கள். எட்டாம் நாள் தையல் பிரித்துவிட்டு டூட்டிக்குப் போனேன். முதல் ஸ்டாப்பில் பயந்து பயந்து ஊதினேன். வண்டி நின்றது.

பாதி அட்டை மிட்டாய் மாத்திரை இன்னும் பையில் கிடக்கிறது. மழை நாளில் டிரைவர் அண்ணா கேட்டு வாங்கிக்கொள்கிறார். அவருக்குச் சர்க்கரை, பல் தேய்த்தால் ஈறில் ரத்தம் வேறு. சர்க்கரை ஏறினால் ஈறு கெடும், ஈறு கெட்டால் சர்க்கரை அடங்காது என்று அங்கே சொல்லிக் கேட்டேன். கிளீன் பண்ணினால் பல் ஆடும் என்று அவர் வர மறுக்கிறார். காறைதான் போகும், பல் ஆடாது என்று நானும் தினம் சொல்கிறேன். எக்ஸ்ரேயில் எனக்கு இடது பக்கமும் ஒன்று படுத்துக்கிடக்கிறது. அடுத்த மாதம் 12-ம் தேதி வரச் சொல்லியிருக்கிறார்கள், அவரையும் அன்றைக்கு இழுத்துக்கொண்டு போக வேண்டும்.